ஓநாய்க் கட்சிக்கு ஒரு மாப்பிள்ளை

என் மகளுக்கு வரன் தட்டிப்போவதற்கு ஓநாய்தான் காரணம் என்று நான் ஒன்றரை மாதம் மனதார நம்பினேன். செவ்வாய் தோஷம், நாக தோஷம் என்று வீட்டுக்கு ஒரு தோஷம் இருக்கிற ஊரில், என் வீட்டுக்கு மட்டும் ஓநாய் தோஷம். அதற்குப் பரிகாரமும் நானே கண்டுபிடித்தேன். அதைச் செய்யப்போய்த்தான் திருமங்கலத்தில் மாடுகளோடு வரிசையில் நின்றேன்.

முதலில் ஓநாய் யார் என்று சொல்லிவிடுகிறேன். மகள் பள்ளிக்கூடம் படித்த காலத்தில் ஒரு வெளிநாட்டுப் படம் பாகம் பாகமாக வந்தது. டிவியில் தமிழ் பேசவிட்டு அடிக்கடி போடுவார்கள். பள்ளிக்கூடத்தில் படிக்கிற பெண் ஒருத்தி. அவளை ரத்தம் குடிக்கிற காட்டேரிப் பையன் ஒருவன் காதலிக்கிறான், ஓநாயாக மாறுகிற பையன் ஒருவனும் காதலிக்கிறான். காட்டேரிப் பையன் வெள்ளைவெளேர், நல்ல வசதி, பெரிய வீடு, கார். சாப்பிட மாட்டான், தூங்க மாட்டான், வயது நூறைத் தாண்டிவிட்டது. ஓநாய்ப் பையன் சாதாரணக் குடும்பம். கோபம் வந்தால் நாலு காலில் நிற்பான். எந்தக் குளிரிலும் சட்டை போட மாட்டான். பெண்பிள்ளைகள் காட்டேரிக் கட்சி, ஓநாய்க் கட்சி என்று இரண்டாகப் பிரிந்து நின்றார்கள். இதெல்லாம் நடந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. அந்தப் பிள்ளைகள் வளர்ந்து வேலைக்குப் போய்விட்டார்கள். கட்சிகள் மட்டும் கலையவில்லை.

என் மகள் மேலூரில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். மதுரையில் எங்கள் வீடு இருக்கிற தல்லாகுளத்திலிருந்து மாட்டுத்தாவணி பஸ் நிலையம் போய், அங்கிருந்து மேலூர் பஸ். உட்கார இடம் கிடைத்தால் போனை எடுத்து ஓநாயைப் பற்றி எழுதுவாள். இதற்கென்றே தமிழில் ஒரு ரசிகைகள் குழு இருக்கிறது. இவள் அதில் பெரிய புள்ளி என்று பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

இது பஸ்ஸோடு நின்றிருந்தால் எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. ஆனால் இப்போது பெண் பார்க்க வருகிறவர்கள் கேசரி, பஜ்ஜி சாப்பிட்ட கையோடு, "ரெண்டு பேரும் மாடியில போயி பத்து நிமிசம் பேசிட்டு வரட்டும்" என்று சொல்கிறார்களே, அந்தப் பத்து நிமிஷத்தில் என் மகள் ஓநாயைப் பற்றிக் கேட்பாள்.

முதலில் வந்தவர் ஒரு வங்கியில் வேலை பார்த்தார். "அது சின்னப்புள்ளைக பாக்குற படம்லங்க" என்றிருக்கிறார். மகள் கீழே இறங்கி வந்து வேண்டாம் என்றாள். இரண்டாவது ஆள் சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. "காட்டேரிதான். செட்டிலான ஃபேமிலி" என்றாராம். அவர்கள் கார் தெருமுனை திரும்பும்வரை காத்திருந்து, வேண்டாம் என்றாள். அதோடு நிற்கவில்லை.

"ப்பா, இன்னும் ஒரே ஒருத்தர். மூணாவது ஆளோட நிறுத்திக்குவோம். அதுக்கு மேல சேலையக் கட்டிக்கிட்டு அந்தக் கேசரித் தட்டத் தூக்க என்னால முடியாது."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் என் மகளை எனக்குத் தெரியும். சிரித்துக்கொண்டு சொன்னால் அது முடிவு. அவளுக்கு இருபத்தெட்டு வயது. மூன்றாவது வரன் எங்களுக்குக் கடைசி வரன்.

நான் பத்திர எழுத்தர். பதிவு அலுவலகத்துக்கு எதிரே மேஜை போட்டு உட்கார்ந்து இருபத்தைந்து வருஷமாகக் கிரயப் பத்திரமும் தானப் பத்திரமும் எழுதுகிறேன். என் மூளை எப்படி வேலை செய்யும் என்றால், உலகத்தில் எல்லாவற்றுக்கும் ஒரு மாதிரிப் படிவம் உண்டு, சரியான இடத்தில் சரியான பெயரை நிரப்பினால் பதிவாகிவிடும். ஒருவர் படத்தை இளக்காரம் செய்தார், போனார். ஒருவர் காட்டேரி என்றார், போனார். ஆக நிரப்ப வேண்டிய பெயர் ஓநாய்.

இருந்தாலும் வில்லங்கம் பார்க்காமல் பத்திரம் எழுதுவதில்லை என்பது என் தொழில் தர்மம். பக்கத்து மேஜையில் டைப் அடிக்கிற தங்கச்சியிடம் இப்படி ஒரு குழு இருக்கிறதாமே என்று பொதுவாகப் பேச்சுக் கொடுத்தேன். அது என்னை மேலும் கீழும் பார்த்தது.

"நானே அதுல இருக்கேண்ணே. காட்டேரிக் கட்சி."

"ஏம்மா? ரத்தம் குடிக்கிறவன்ல அவன்?"

"குடிச்சா குடிச்சிட்டுப் போறான். வீட்ல சமைக்க வேணாம்லண்ணே. காலையில இட்லி, மத்தியானம் சோறு, ராத்திரி தோசைன்னு நிக்க வேணாம். ஓநாய்னா கூட்டமா வந்து எறங்கும். அம்புட்டு பேருக்கும் யாரு மாவு ஆட்டுறது?"

அது போனில் குழுவைத் திறந்து காட்டியது. படித்தேன். "மழையிலயும் சட்டை இல்லாம நிக்கிறானே, ஒரு பனியனாவது வாங்கிக் குடுங்கப்பா" என்று ஒருத்தி. "நூறு வயசுக் கிழவனுக்குப் பள்ளிக்கூடத்துல என்ன வேலை, வாட்ச்மேனா?" என்று ஒருத்தி. "கோபம் வந்தா ஓநாயாவது வெளிய தெரியுற மாதிரி மாறுது, எங்க வீட்டுக்காரர் மாறுறதே தெரியாது" என்று ஒருத்தி. அதற்கு இருநூறு பேர் சிரித்திருந்தார்கள்.

நடுவில் என் மகள் எழுதியதும் இருந்தது. நீளமாக, பத்தி பத்தியாக. 'ஓநாய்க் கட்சியில் இருந்துகொண்டு ஒரு கேள்வி' என்று ஆரம்பித்திருந்தாள். முதல் வரியைப் பார்த்தேன். ஓநாய்க் கட்சி என்பது உறுதியாகிவிட்டது. போதும் என்று மூடிவிட்டேன். சின்ன எழுத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவன், என் மகள் எழுதியதில் ஒரு வரிக்கு மேல் படிக்கவில்லை.

அடுத்த வாரமே மூன்றாவது வரன் வந்தது. பையன் கால்நடை மருத்துவர், திருமங்கலத்தில் வேலை. ஜாதகம் பொருந்தியது. என் மனைவிக்குப் போட்டோவைப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. "வாயில்லாத ஜீவனத் தொட்டுப் பாக்குற கைங்க. நல்ல கையாத்தான் இருக்கும்" என்றாள். ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருவதாக ஏற்பாடு.

பெண் பார்க்க வருவதற்கு முன்னால் பெண்ணின் அப்பா தனியாகப் போய் மாப்பிள்ளையைப் பார்க்கிற வழக்கம் எங்களிடம் கிடையாது. தெரிந்தால் கௌரவக் குறைச்சல். எனக்கும் அது தெரியும். தெரிந்தேதான் வியாழக்கிழமை காலை ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு திருமங்கலம் போனேன். வினாத்தாளை ஒரு நல்ல பையனுக்கு முன்கூட்டியே காட்டுவதில் என்ன தப்பு என்று பெரியார் பஸ் நிலையத்திலிருந்து திருப்பரங்குன்றம் வரை எனக்கு நானே வாதாடி, திருப்பரங்குன்றத்தில் ஜெயித்தும் விட்டேன்.

கால்நடை ஆஸ்பத்திரியில் நல்ல கூட்டம். டோக்கன் வாங்கினால்தான் டாக்டரைப் பார்க்க முடியும் என்றார்கள். வாங்கினேன். எனக்கு முன்னால் ஒரு சிவப்புப் பசு, பின்னால் இரண்டு வெள்ளாடு. பசுவைப் பிடித்துக்கொண்டிருந்த பெரியவர் என்னை ரொம்ப நேரம் பார்த்தார்.

"மாடு எங்கண்ணே?"

"வருது."

"தனியாவா வருது?"

அதற்குள் என் முறை வந்துவிட்டது. உள்ளே அந்தப் பையன் முழங்கைவரை உறை போட்டுக்கொண்டு ஒரு எருமைக்குப் பின்னால் நின்றிருந்தான். வருங்கால மாமனாருக்கு வணக்கம் சொல்ல அந்தக் கையைத் தூக்கப்போனான். நான்தான் வேண்டாம் என்று தடுத்தேன். போட்டோவில் பார்த்திருக்கிறானாம், அடையாளம் தெரிந்துவிட்டது.

"என்ன சார், ஏதும் பிரச்சினையா?"

"ஒண்ணுமில்ல தம்பி. ஞாயித்துக்கிழமை மாடியில பாப்பா ஒரு கேள்வி கேக்கும். நீங்க ஓநாய்னு சொல்லிருங்க."

அவன் முகம் மாறிவிட்டது. "ஓநாயா? எத்தன ஆடு போச்சு? காட்டிலாகாவுக்குச் சொல்லிட்டீங்களா?"

ஆடு எதுவும் போகவில்லை, இது ஒரு படத்து ஓநாய், இதற்கு முன்னால் இரண்டு பேர் வேறு பதில் சொல்லிப் போய்விட்டார்கள் என்று எருமையின் இந்தப் பக்கம் நின்றுகொண்டு விளக்கினேன். எருமையின் உரிமையாளர், மருந்து எடுத்துக் கொடுக்கிற அம்மா, எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பையன் கடைசிவரை பொறுமையாகக் கேட்டான். "சரிங்க சார்" என்றான். வெளியே வந்தபோது அந்தப் பெரியவர், "மாடு இன்னும் வரலையே" என்றார். ஸ்கூட்டரை நான் அவ்வளவு வேகமாக ஓட்டியதே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பையன், அவன் அப்பா, அம்மா, அத்தை என்று நாலு பேர் வந்தார்கள். பஜ்ஜி நன்றாக அமைந்தது. அத்தை மடியில் ஒரு துணிப்பை வைத்திருந்தது. மல்லிகைப்பூ வாசம் கூடம் முழுக்க வந்தது. பெண்ணைப் பிடித்துவிட்டால் அங்கேயே தலையில் பூ வைத்துப் பேச்சை முடித்துவிடும் யோசனையில் வந்திருக்கிறார்கள் என்று என் மனைவி கண்ணால் சொன்னாள். வழக்கம்போல இரண்டு பேரையும் மாடிக்கு அனுப்பினோம்.

என்னால் உட்கார முடியவில்லை. தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாரேன் என்று சொல்லி எழுந்தேன். "காலையிலதான பாத்தீக" என்றாள் மனைவி. காதில் விழாத மாதிரி மேலே போய், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் குத்தவைத்து உட்கார்ந்தேன். எனக்கு ஐம்பத்து நாலு வயது. முழங்கால் வலி உண்டு. அதைப் பதிவு செய்துகொள்கிறேன்.

மகள் கேட்டாள். "நீங்க அந்தப் படம் பாத்திருக்கீங்களா?"

"இல்லீங்க. ஆனா பதில் தெரியும். ஓநாய்."

"படம் பாக்காம எப்படித் தெரியும்?"

"ஒங்க அப்பா வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்கு வந்து சொல்லிக் குடுத்தாரு."

எனக்குத் தொட்டிக்குள்ளேயே இறங்கிவிடலாம் போல இருந்தது. மூன்றாவது வரனும் போய்விட்டது, இந்தத் தடவை ஓநாயால் இல்லை, என்னால்.

"மாடு இல்லாமயா வந்தாரு?"

"டோக்கன் மட்டும் வச்சிருந்தாரு."

அவள் சிரித்தாள். அப்படிச் சிரித்து நான் கேட்டு ரொம்ப நாளாகிவிட்டது. சிரித்து முடித்துவிட்டுச் சொன்னாள்.

"எந்தக் கட்சின்னு நான் யாருகிட்டயும் கேக்கலங்க. எங்கப்பாதான் அப்படி நெனச்சுக்கிட்டாரு. என் கேள்வி வேற. அந்த ஓநாய்க் கூட்டத்துல ஒரு விசயம் இருக்கு. ஒருத்தன் ஒரு பொண்ண ஒரே ஒரு தடவ பாத்துட்டாப் போதும், ஆயுசுக்கும் அவதான்னு ஆயிரும். எல்லாரும் அத ஆகா ஓகோங்குறாங்க. எனக்கு ஓநாயப் புடிக்கும், இது மட்டும் புடிக்காது. அவன் பாத்தான், முடிஞ்சிருச்சு. அந்தப் பொண்ணுகிட்ட யாரு கேட்டா? மொதல்ல வந்தவரு இதக் கேட்டுட்டு, சின்னப்புள்ள படம்னாரு. ரெண்டாவது ஆளு முழுசாக் கேக்கவே இல்ல."

பையன் யோசித்தான். ரொம்ப நேரம் யோசித்தான். எனக்கு முழங்கால் மரத்துவிட்டது.

"அந்த ஓநாய்கிட்ட மட்டும் யாரு கேட்டா?" என்றான்.

"என்ன?"

"அவனா முடிவு பண்ணலேல்ல. பாத்தான், தானா ஆயிருச்சுன்னுதான சொல்றீங்க. எனக்கும் அதேதாங்க. நேத்து அம்மா சட்டைய அயர்ன் பண்ணி வச்சாங்க. காலையில கெளம்புன்னாங்க, கெளம்பி வந்தேன். கீழ எங்க அத்தை பையில பூ இருக்கு. நான் எறங்குனதும் ஒங்க தலையில வச்சிருவாங்க. என்கிட்டயும் யாரும் கேக்கல."

"இத எங்க குழுவுல இதுவரைக்கும் யாருமே எழுதல" என்றாள் மகள். குரலில் ஒரு மரியாதை இருந்தது. "அப்ப ஒங்களுக்கு என்னையப் புடிக்கலையா?"

"தெரியலீங்க. பத்து நிமிசம்தான ஆச்சு. ஒங்களுக்கு?"

"எனக்கும் தெரியல."

இரண்டு பேரும் தெரியல, தெரியல என்று சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பிறகு மகள் குரல் என் பக்கம் திரும்பியது.

"ப்பா, தொட்டியில தண்ணி எம்புட்டு இருக்கு?"

"முக்காத் தொட்டி இருக்கு பாப்பா" என்று சொல்லி எழுந்தேன். எழ முடியவில்லை. அந்தப் பையன்தான் கை கொடுத்துத் தூக்கிவிட்டான். இந்தத் தடவை உறை இல்லை.

கீழே வந்ததும் அத்தை பையிலிருந்து பூவை எடுத்துக்கொண்டு எழுந்தது. மகள், "எங்களுக்குக் கொஞ்ச நாள் வேணும்" என்றாள். அத்தை பூவும் கையுமாக அப்படியே நின்றது. பையனின் அப்பா என்னைப் பார்த்தார்.

"எத்தன நாளு?"

"தெரியலங்க" என்றாள் மகள்.

பெண் பார்க்க வந்த இடத்தில் பெண் வாயிலிருந்து 'தெரியல' வருவதை அவர்கள் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. எழுந்து போய்விடுவார்கள் என்று நினைத்தேன். அப்பாவாக லட்சணமாக, கனமாக, நாலு நல்ல வார்த்தை சொல்ல வேண்டிய இடம் அது. வாயைத் திறந்தேன்.

"பூவ ஃபிரிட்ஜ்ல வைப்போம் அத்தாச்சி."

யாரும் சிரிக்கவில்லை. "அது என்ன கத்திரிக்காயா?" என்றது அத்தை. பையன், "நானுந்தான் கேக்குறேன் அத்த. எனக்கும் கொஞ்ச நாளு வேணும்" என்றான். அப்போது அதுவரை பேசாமல் இருந்த பையனின் அம்மா, பஜ்ஜித் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னது. "குடுப்போம். எனக்கும் அன்னைக்குக் கொஞ்ச நாள் குடுத்திருந்தா யோசிச்சிருப்பேன்."

பையனின் அப்பா பஜ்ஜியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். எனக்கு அவர்மேல் ஒரு சகோதர பாசம் வந்தது.

அவர்கள் போனபிறகு என் மனைவியிடம் மெதுவாகக் கேட்டேன். நான் பார்க்க வந்த அன்றைக்கு அவளிடம் யாராவது ஏதாவது கேட்டார்களா என்று.

"கேட்டாங்களே."

"என்னன்னு?"

"காப்பிக்குச் சீனி போதுமான்னு."

அன்றைக்குத்தான் மகளிடமே போனை வாங்கி, அவள் குழுவில் எழுதியதை முழுவதும் படித்தேன். மாடியில் சொன்னதுதான் அதிலும் இருந்தது, இன்னும் விரிவாக. அதைப் படித்திருந்தால் மாட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்க வேண்டியதில்லை. ஒன்றரை மாதமாக நான் தேடிய சரியான பதில் என்று ஒன்று எங்கேயும் இல்லவே இல்லை. அந்தப் பிள்ளை கேட்டதெல்லாம், தன் கேள்வியை ஒருவர் கடைசிவரை கேட்க வேண்டும் என்பதுதான். நானும் கேட்காதவர்கள் பட்டியலில்தான் இருந்தேன்.

அதன்பிறகு பையன் ஞாயிற்றுக்கிழமைகளில் காலையில் வருவான். கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்து ஒரு பாகம் பார்ப்போம். அவன் பார்க்கிற விதமே தனி. "அறுபது கிலோ ஆளு மாறுனதும் முந்நூறு கிலோ ஓநாய். மிச்ச எடை எங்கேருந்து வந்துச்சு?" என்பான். "இத்தனைக்கும் ஒரு தடவகூட நாக்கத் தொங்கவிடல பாருங்க, அம்புட்டு ஓடியும்" என்பான். மகள் இதையெல்லாம் குழுவில் எழுதினாள். டைப் அடிக்கிற தங்கச்சி மறுநாள் என் மேஜைக்கு வந்து, "அந்த மாட்டு டாக்டர் யாருண்ணே, நல்லா விவரமா இருக்காரே" என்றது. என் மனைவி காட்டேரிக் கட்சிக்குப் போய்விட்டாள். "பாவம், நூறு வருசமா ஒரே வகுப்புல கெடக்குதே அந்தப் புள்ள. வாத்தியாருக என்னதான் செய்யிறாக?" என்று அவளுக்குத் தீராத வருத்தம்.

நான் கட்சி எதிலும் சேரவில்லை. எனக்குப் பயப்படவே நேரம் சரியாக இருந்தது. "என்னாச்சு பாப்பா?" என்று கேட்டால், "ரெண்டாம் பாகம் முடிஞ்சிருக்குப்பா" என்பாள். மூன்றாம் பாகம் பார்த்தபின் இரண்டு பேருக்கும் ஏதோ வாக்குவாதம். இரண்டு ஞாயிற்றுக்கிழமை அவன் வரவில்லை. நான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். மனைவி ஸ்கூட்டர் சாவியை எடுத்து இடுப்பில் சொருகிக்கொண்டாள்.

"எங்க, டோக்கன் வாங்கவா?"

நான் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தேன். மூன்றாவது ஞாயிறு அவன் வந்தான். கேட்க வேண்டியதை அவர்களே கேட்டுக்கொண்டார்கள். நான் சமையலறையில் வெங்காயம் உரித்தேன்.

மகள் சரி என்று சொன்னது பெண் பார்த்து நாலு மாதம் கழித்து, ஒரு புதன்கிழமை மத்தியானம். பையன் அதற்கு முந்தின நாளே அவளிடம் தன் சம்மதத்தைச் சொல்லியிருந்தானாம். பள்ளிக்கூடம் அரை நாள் விட்டு, மேலூர் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தபோது அவள் அம்மாவுக்குப் போன் பண்ணிச் சொன்னாள். என் மனைவி அதைச் சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்து கை கால் கழுவியபிறகு, ஸ்கூட்டர் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டு என்னிடம் சொன்னாள்.